பழவேற்காட்டுச் சேறு கரைகிறதா, தங்குகிறதா: அளந்து பார்க்கும் முறை

கால் புதைந்தால் அந்தச் சேறு உறுதியில்லாதது, நடக்கத் தோதாக இருந்தால் உறுதியானது என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. முகத்துவாரத்தை ஒட்டி, காலுக்குக் கெட்டியாகத் தெரியும் மணல் திட்டு ஒவ்வொரு ஓதத்திலும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், கொஞ்சம் இடம் பெயரும். உள்ளே முழங்கால் வரை இழுக்கும் களிச்சேற்றின் மேல்தோல் அசையாமல் கிடக்கும். மணல் துகளைக் கீழே பிடித்து வைப்பது பெரும்பாலும் அதன் எடைதான். 63 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய வண்டலும் களியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். களி பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலே மொத்த மண்ணும் ஒட்டும் மண்ணாகிவிடும். நீரோட்டம் முதலில் தொடுவது மேலே உள்ள சில மில்லிமீட்டர்தான். அலையாத்திக் கன்று நட இடம் பார்ப்பவர்கள் அளக்க வேண்டியதும் அதைத்தான்.

ஏரி தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டிலும் பறவைகள் சரணாலயம். அந்தந்தப் பக்கத்து வனத்துறை அனுமதி இல்லாமல் அளப்பதற்கான குழாய் எதையும் நடக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவின் பாதுகாப்பு எல்லைக்குள் போகவே வேண்டாம்.

அளக்கும் நேரம் குறிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். ஏரிக்குள் போகப் போக அது குறையும். தடா, சூளூர்பேட்டைப் பக்கம் தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்கே பெரிய பங்கு. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஓதமே ஏரிக்குள் வராது. அதனால் ஓத அட்டவணையை நம்பாமல், அளவு குறித்த ஒரு குச்சியை நட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு நேரம் முடிவு செய்யுங்கள்.

முதல் வேலை, மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில், 20 செ.மீ. மட்டும் மேலே தெரிய அடித்து இறக்குங்கள். ஓட்டத்துக்குக் குறுக்காக இருக்கட்டும். ஒரு குழாயின் பின்னால் பறியும் குழி மற்றதன் மேல் விழாது. மேலே அலுமினியச் சட்டம் வைத்து, ரசமட்டம் பார்த்து, சட்டத்திலிருந்து சேறு வரை ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். இரு முனையிலும் 20 செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் 5 செ.மீ.க்கு ஒன்றாக 13 புள்ளிகள். ஸ்கேலின் அடியில் இரண்டு செ.மீ. அகலத்தில் பிளாஸ்டிக் வட்டு ஒட்டாவிட்டால் அது சேற்றுக்குள் இறங்கிப் பொய்க்கணக்கு காட்டும். குழாய் அடித்த அதிர்வு அடங்க இரண்டு வாரம் விட்டு முதல் அளவை எடுங்கள். இரண்டு மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது மேல்தோல். வற்றத்தில் வெயில் பட்டதும் சேற்றின் மேல் தங்கப் பழுப்பு நிறத்தில் பாலாடை போல ஒரு படலம் தெரியும். அது டயட்டம் எனும் நுண்பாசி. அது சுரக்கும் பிசின் துகள்களைக் கட்டிப் போடுவதால், வெறும் சேற்றைவிடப் படலமுள்ள சேறு இன்னும் வேகமான ஓட்டத்தையும் தாங்கும். ஆனால் தண்ணீர் திரும்பி ஏறுவதற்கு முன்பே டயட்டம்கள் கீழே இறங்கத் தொடங்கிவிடும். அப்போது எடுத்த மாதிரியில் பாசி குறைவு என்ற தவறான முடிவு கிடைக்கலாம். 10 மி.லி. சிரிஞ்சின் முனையை அறுத்துவிட்டு, 2 செ.மீ. இறக்கி, மெதுவாக எடுத்து, மேல் 5 மி.மீ.யை மட்டும் வெட்டி ஃபாயிலில் சுற்றிப் பனிக்கட்டியில் வையுங்கள். குளோரோபில் அளவை ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். பக்கத்தில் எடுத்த இன்னொரு துண்டை எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். நீரின் எடை உலர்ந்த மண்ணின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், பிசின் இல்லாத இடத்தில் அந்தச் சேறு லேசான ஓட்டத்துக்கே கலங்கும்.

மூன்றாவது சோதனையைக் கரையிலேயே செய்துவிடலாம். 10 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. உயரமும் உள்ள ஒளிபுகும் குழாயைச் சேற்றில் 10 செ.மீ. அழுத்தி, அடியை மூடி எடுங்கள். நண்டு வளை உள்ள இடமும், பூநாரை மிதித்த வட்டக் குழியும் வேண்டாம். சேற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து, அதன் மேல் ஏரித் தண்ணீரை 20 செ.மீ. உயரத்துக்கு மெல்ல ஊற்றித் தாளை எடுத்துவிடுங்கள். கேன் தண்ணீர் ஊற்றினால் உப்பு மாறி, களியின் பிணைப்பும் மாறிவிடும். சேற்றுக்கு 3 செ.மீ. மேலே சிறு விசிறியை இறக்கி, ரெகுலேட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒரு படியாக வேகத்தைக் கூட்டுங்கள். குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாள் ஒன்றை ஒட்டி வையுங்கள். முதலில் சில நூலிழைகள் எழும்பும், அது கணக்கில்லை. எழுத்து மங்கி, அடுத்த நிமிடமும் தெளியாமல் இருக்கும் வேகத்தைக் குறியுங்கள். அந்த எண்ணை, சேற்றின் மேல் ஓட்டம் செலுத்தும் அழுத்தத்தின் அலகான பாஸ்கலாக மாற்ற முயல வேண்டாம். இரண்டு இடங்களை ஒப்பிட அதுவே போதும். ஓர் இடத்துக்கு ஐந்து குழாயாவது வேண்டும். குழாயை ஆட்டோவில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனால் குலுங்கிய சேறு குழம்பாகிவிடும், அதன் பிறகு அளந்து பயனில்லை.

அளக்கிறவர் காலே அளவைக் கெடுக்கும். ஒரு காலடித்தடத்தில் தண்ணீர் தேங்கி, அடுத்த வற்றத்தில் அங்கிருந்து சின்ன ஓடை பறியும். பலகை போட்டு ஒரே பக்கமிருந்து நடங்கள். இறால் பொரிப்பகங்களுக்காகப் புழு தோண்டிய இடத்தில் பிசின்தோல் கிழிந்திருக்கும். ஊரிநத்தை நிறைந்த இடத்தில் அது மேயப்பட்டிருக்கும். இவற்றைத் தவிர்க்க வேண்டாம், தனியாகக் குறித்துக்கொண்டால் போதும். வற்றத்தில் திறந்து கிடக்கும் சேற்றில் கனமழை பெய்தால் துளி அடித்தே மேல்தோல் சிதறும். கோடையில் உப்புப் பொருக்கோடு வெடித்துக் கிடக்கும் வடபகுதிச் சேறு கல் மாதிரி தெரிந்தாலும், பொருக்கு முதல் மழையிலேயே கரைந்துவிடும். அதனால் ஐப்பசிக்கு முன் ஒரு அளவு, தை பிறந்ததும் ஒரு அளவு கட்டாயம் வேண்டும்.

குழாய் நடும் முன் அந்த மீன்பிடி இடத்தில் வலை போடுகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஏறினால் குழாய் கண்ணுக்குத் தெரியாது, வலை கிழியும். பக்கத்தில் உயரமான கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். வேலை முடிந்ததும் கழியையும் குழாய்களையும் பிடுங்கிக் கொண்டுவந்துவிடுங்கள்.