ஆத்தங்குடித் தரையிலிருந்து ஒரு குர்த்தா

கட்டடத்தைப் பார்த்து உடைக்கு டிசைன் எடுக்கப் பழகுகிறவர்கள் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸில் தொடங்கலாம். கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். சூளையில் சுடுவதில்லை. துணியில் பிளாக் பிரிண்ட்டும் இதே கணக்குதான்: வண்ணத்துக்கு ஒரு கட்டை. அதனால் இந்தப் பூக்கள் துணிக்குச் சுலபமாக வந்துவிடும். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தில் தொடங்கினால் நிழலை என்ன செய்வதென்று திணற வேண்டியதுதான்.

படி 1: தரையை நேர் மேலிருந்து படம் எடுங்கள். நான்கு டைல்ஸ் சேர்ந்தால்தான் பல டிசைன்களில் பூ முழுமையாகும். அந்த நான்கும் படத்தில் விழட்டும்.

படி 2: பட்டர் பேப்பரில் வெளிக்கோடு மட்டும் வரையுங்கள். மூன்று வண்ணம் போதும்.

படி 3: அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். தரையில் 8 அங்குல டைல் அழகு. ஆனால் குர்த்தாவின் முன்பக்கம் 20 அங்குலம் என்றால் இரண்டரை டைல்தான் பிடிக்கும், பக்கத் தையலில் பூ பாதியாக வெட்டுப்படும். 2 அங்குலமாகக் குறைத்தால் பத்து முழுச் சதுரம் கிடைக்கும். டார்ட் (உடலோடு ஒட்டத் துணியை மடித்துப் போடும் தையல்) வேண்டாம், கோடு உடையும், நேர்வெட்டே நல்லது. (மிலானில் கட்டடக்கலை படித்து 1969-இல் பட்டம் பெற்ற இத்தாலிய உடை வடிவமைப்பாளர் ஜான்ஃபிராங்கோ ஃபெரே, சாதாரண வெள்ளைச் சட்டையைக் காலரையும் கையையும் மாற்றியே கட்டடம்போல எழுப்பினார். வெட்டு கைவந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.)

படி 4: கரை. செட்டிநாட்டு வீட்டுத் தரையில் ஓரத்துக்கென்று தனி டைல்ஸ் ஓடும். குர்த்தாவில் அது கீழ் விளிம்பில் ஓடி, பக்க ஸ்லிட்டில் மேலே ஏறட்டும். திரும்புகிற மூலைக்குத் தனியாக ஒரு சதுரம் வரையுங்கள். இதை விட்டால் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். என் கண்ணுக்கு அது அரைகுறை வேலை.

படி 5: வண்ணத்துக்கு ஒன்றாக ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஸ்டென்சில் வெட்டுங்கள். வண்ணங்களுக்கு நடுவே நூலளவு இடம் விட்டால் துணியின் வெள்ளையே கோடாகிவிடும்.

படி 6: பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, காயவைத்து, வெட்டிக்கொள்ளுங்கள். தைப்பதற்கு முன்பே ஃபேப்ரிக் பெயிண்ட்டை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். ஒரு வண்ணம் காய்ந்தபின் அடுத்தது. மறுநாள் உள்பக்கமாக இஸ்திரி போட்டுவிட்டுத் தையலுக்கு உட்காரலாம்.