புது ஹைபிரிட் காரில் மைலேஜ் ஏறி இறங்குவது ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் அப்படியல்ல. இன்று லிட்டருக்கு 26 கி.மீ. காட்டும், நாளை அதே சாலையில் 18 காட்டும். வாங்கிய புதிதில் இதைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலும் காரில் பழுது இருக்காது. ஹைபிரிட் மிச்சப்படுத்தும் பெட்ரோலில் பெரும்பங்கு, ஓட்டத்தின்போது எஞ்சின் எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. எஞ்சினை அணையவிடாமல் செய்வது எதுவோ, அதுதான் மைலேஜைத் தின்கிறது.

காரணம் தேடும் முன் கணக்கைச் சரியாக எடுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் பல கார்களில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் முதல் 'க்ளிக்' வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். முடிந்தால் அதே பங்க், அதே பம்ப். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். பம்ப் சற்று முந்தி நின்றாலே 30 லிட்டரில் ஒரு லிட்டர் வித்தியாசம் வரலாம். 3 சதவீதப் பிழை அங்கேயே வந்துவிடும். அதனால் மூன்று நான்கு டேங்க்குகளின் மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். சராசரிகளைக் கூட்டி மறுபடி சராசரி எடுப்பது தவறு: 100 கி.மீ. தூரம் 30 மைலேஜிலும், இன்னொரு 100 கி.மீ. தூரம் 15 மைலேஜிலும் ஓடினால் செலவு 10 லிட்டர். ஆக மைலேஜ் 20, 22.5 அல்ல.

மைலேஜை அதிகம் தின்பது குட்டிப் பயணம்தான். குளிர்ந்த எஞ்சின் கிளம்பியதும் கூலண்ட்டையும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கியாக வேண்டும். அதற்காக, பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். 2 கி.மீ. போய் நிறுத்தி, ஆறியபின் மறுபடி 2 கி.மீ. போனால் பாதிப் பயணம் சூடாக்குவதிலேயே போய்விடும். சோதித்துப் பார்க்க விரும்பினால், காலையில் கிளம்பும்போது ஒரு ட்ரிப்பை ரீசெட் செய்யுங்கள், 5 கி.மீ. முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி ரீசெட் செய்து அடுத்த 20 கி.மீ. ஓட்டுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே விடை. நான்கு வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதுதான் இதற்கு மருந்து.

குளிர்காலத்தில் இன்னும் குறையும். பல ஹைபிரிட்களில் ஹீட்டருக்கு வெப்பம் தருவது எஞ்சின்தான். ஹீட்டர் போட்டால் சிக்னலில் நிற்கும்போதும் அது ஓடும். குளிர்ந்த பேட்டரி, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி உண்டாக்கும் மின்சாரத்தையும் முழுசாக வாங்கிக்கொள்ளாது. வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயர் காற்றும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். வெயில் காலத்தில் ஏ.சி. கம்ப்ரசர் பேட்டரியிலிருந்தே மின்சாரம் இழுக்கும். நெரிசலில் நின்றபடியே இருந்தால் எஞ்சின் அவ்வப்போது கிளம்பி சார்ஜ் ஏற்றும். கார் நகராத அந்த நேரத்துக்கு மைலேஜ் பூஜ்யம்.

நெடுஞ்சாலையில் மைலேஜ் குறைவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ஹைபிரிட்டுக்கு ஊருக்குள் ஓடுவதுதான் பலம், ஏனென்றால் அங்கேதான் அடிக்கடி பிரேக் பிடித்து மின்சாரத்தை மீட்க முடிகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 80-லிருந்து 110-க்குப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு.

புது எஞ்சினும் புது டயரும் பழக 5,000 முதல் 8,000 கி.மீ. வரை ஆகலாம். அதுவரை முதல் டேங்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் மறக்க வேண்டாம்: லிட்டருக்கு அதன் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஆற்றல் 6, 7 சதவீதம் குறைந்திருக்கும்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயம் போதும். தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து மெல்ல, நீளமாக பிரேக் பிடியுங்கள். சட்டென்று அழுத்தினால் சாதாரண பிரேக் பேட் வேலைக்கு வந்து, மீட்கவேண்டிய ஆற்றல் சூடாக வீணாகும். பேட்டரியில் மட்டும் ஓடவைக்கும் ஈ.வி. பொத்தானை அழுத்திப் பேட்டரியைக் காலிசெய்வதும் லாபமில்லை. அதை நிரப்பப் பிறகு எஞ்சின்தான் உழைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றி இறக்குவதில் வரும் இழப்பு வேறு.

இவ்வளவு பார்த்தும் குறைவு நீடித்தால்தான் பழுதைத் தேட வேண்டும். டயர் ஆறியிருக்கும்போது காற்றை டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். பின்சீட் அருகே பேட்டரிக்குக் காற்று போகும் துளை இருக்கும் மாடல்களில், பையோ போர்வையோ அதை மூடியிருக்கிறதா, வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; சூடான பேட்டரி சார்ஜை வாங்கவும் கொடுக்கவும் தயங்கும். சர்வீஸுக்குப் பிறகு திடீரென்று குறைந்திருந்தால், பில்லில் எஞ்சின் ஆயில் கிரேடைப் பாருங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் எஞ்சினில் கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கலாம்.