இரு பெயர்கள், இரு கற்கள்: ஜெர்மனியில் இடறுகல் பதிக்கும் முறை

நாஜிகள் கொன்ற யூதத் தம்பதி ஒன்றின் நினைவாக அவர்கள் வாழ்ந்த வீட்டின் முன் நடைபாதையில் கல் பதிக்க விரும்புவோர், தம்பதிக்குப் பொதுவாக ஒரே கல் என்ற வழக்கம் இல்லை என்பதை முதலில் அறிய வேண்டும். கலைஞர் குண்டர் டெம்னிக் 1992இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆளுக்கொரு கல். கணவனுக்கும் மனைவிக்கும் அருகருகே இரண்டு. ‘ஷ்டோல்பர்ஷ்டைன்’, அதாவது இடறுகல் எனப்படும் இது, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பொருத்திய கான்கிரீட் கட்டியாகும்.

கடினமான வேலை முகவரியைக் கண்டுபிடிப்பதுதான். அவர்கள் தாமாக விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டின் முன்புதான் கல் பதிக்கப்படும். 1939க்குப் பின் பல குடும்பங்கள் ‘யூதர் வீடு’ எனப்பட்ட நெரிசலான கட்டடங்களுக்குத் துரத்தப்பட்டதால், நாடுகடத்தல் பட்டியலில் உள்ள முகவரியை அப்படியே நம்பக் கூடாது. கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைத் தொகுத்த ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் நினைவு நூல், நாஜிக் கொடுமைக்கு ஆளானோரின் ஆவணங்களைக் காக்கும் அரோல்சன் ஆவணக்காப்பகம், இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் பெயர்த் தரவுத்தளம் ஆகியவற்றில் கிடைப்பதை 1930களின் நகர முகவரிப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெர்லின்வாசிகள் என்றால், நாடுகடத்துமுன் அவர்களை நிரப்பவைத்த சொத்து விவரப் படிவம் போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கக்கூடும். நாற்காலி எத்தனை, போர்வை எத்தனை என்று வரிசையாகக் கேட்கும் அந்தப் படிவத்தை ஒரே மூச்சில் படித்துவிட முடியாது.

வாசகம் சிறியது: இங்கே வாழ்ந்தவர், பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டும் இடமும், இறுதியில் நேர்ந்த கதி. மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் அவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தேடிச் செல்லும் வழி அடைபட்டுவிடும். 1939 ஜனவரியிலிருந்து யூத ஆண்கள்மீதும் பெண்கள்மீதும் சட்டத்தால் திணிக்கப்பட்ட ‘இஸ்ரேல்’, ‘சாரா’ என்ற கூடுதல் பெயர்களைப் பொறிக்கத் தேவையில்லை. ‘இறந்தார்’ என்பது இங்கே பொய். ‘கொல்லப்பட்டார்’ என்றே எழுத வேண்டும். போருக்குப் பின் நீதிமன்றங்கள் இறப்பு நாளாக அறிவித்த 1945 மே 8 போன்ற தேதிகள் சட்ட வசதிக்கானவை. அவற்றைக் கொலை நடந்த நாளாகக் கொள்ளக் கூடாது.

வழித்தோன்றல்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுங்கள். பெயரின் மீது கால் படுவதை விரும்பாதோரும் உண்டு. ம்யூனிக் நகரம் பொது நடைபாதையில் இக்கற்களை அனுமதிப்பதில்லை. அங்கே 2018 முதல் சுவர்த் தகடுகளும் தூண்களும் வைக்கப்படுகின்றன. மற்ற ஊர்களில் நகராட்சியின் அனுமதிக்காகவும் உள்ளூர்க் குழுவில் முறை வருவதற்காகவும் பல மாதம் காத்திருக்க நேரலாம். பதிக்கும் நாளில், இறந்தோருக்காக யூதர்கள் சொல்லும் கத்தீஷ் பிரார்த்தனை வேண்டுமா என்பதைக் குடும்பமே சொல்லட்டும். மரபுப்படி அதற்கு வயதுவந்த யூதர்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும்.

பித்தளை விரைவில் கறுக்கும். ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27, 1938இல் யூதர்கள்மீது வன்முறை ஏவப்பட்ட நவம்பர் 9 ஆகிய நினைவு நாட்களில் பலர் துடைப்பார்கள். உலோக மெருகுப் பசையை ஈரத்துணியில் தொட்டு, எழுத்தின் பள்ளங்களில் கசடு தங்காமல் தேய்த்து, பிறகு உலர்ந்த துணியால் இரண்டு கற்களையும் துடைத்து எடுங்கள்.