கியர் இல்லாத சைக்கிளில் திருச்சியிலிருந்து பூம்புகார்: நான்கு தோழிகள், நான்கு நாள், 3,000 ரூபாய்க்குள்

எங்கள் நான்கு பேரில் யாரிடமும் கியர் சைக்கிள் கிடையாது. இரண்டு, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தவை. ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேடீஸ் சைக்கிள். நாலாவது, தோழியின் அப்பா வயலுக்கு ஓட்டிப் போன பார் வைத்த பெரிய சைக்கிள். இவற்றில்தான் திருச்சியில் கிளம்பி, காவிரியை ஒட்டியே பூம்புகார் கடல் வரை போனோம். ஏறக்குறைய 160 கிலோமீட்டர்.

"எந்த சைக்கிள் வாங்கட்டும்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். முதல் பயணத்துக்கு எதையும் வாங்காதீர்கள். என் அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பெண்கள் பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். அவர்களுக்குப் போதுமாக இருந்தது நமக்கு மட்டும் போதாதா?

1. ஊரையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

முதல் தடவையே கொடைக்கானல் என்று கிளம்ப வேண்டாம். டெல்டா தட்டை. ஆற்றுத் தண்ணீர் போகிற திசையில்தான் நாமும் போகிறோம், மேடு என்றால் பாலங்கள்தான். இன்னொரு வசதி, பத்து கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு ஊர் வந்துவிடும். டீக்கடை இருக்கும், பெரும்பாலும் ஒரு சைக்கிள் கடையும் இருக்கும்.

நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. முதல் நாள் திருச்சி, கல்லணை, திருவையாறு. சுமார் 50 கிலோமீட்டர். இரண்டாம் நாள் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம், 40-க்குள். மூன்றாம் நாள் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை. அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாலாம் நாள் 25 கிலோமீட்டரில் பூம்புகார். கல்லணையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிற இடம் அது. அங்கே நாலு கை விரிந்து ஓடுகிற ஆறு, பூம்புகாரில் வாய்க்கால் மாதிரி கடலில் போய்ச் சேர்வதை சைக்கிளில் போய்ப் பார்த்தால்தான் உறைக்கும்.

தையும் மாசியும் வெயிலுக்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், மழை. ஆடியில் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கிழக்கே போகிற நமக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஆற்றிலும் தண்ணீர் ஓடும். ஆனால் திரும்பி வரும்போதும் சைக்கிளிலேயே வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

2. சீட்டை உயர்த்துங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நமக்கெல்லாம் சிறுவயதில் சைக்கிள் சொல்லிக்கொடுத்தவர்கள், இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்தார்கள். அதே உயரத்தில்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடம் போய்வர அது சரி. 50 கிலோமீட்டருக்கு முட்டி போய்விடும். என் முதல் நீண்ட ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரில் முட்டி வலித்து, மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். சீட்டுதான் காரணம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிக்கிறோம், அப்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நிறுத்தும்போது கால்விரல்தான் தரையில் படும். சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ளப் பழகுங்கள். பயமாக இருந்தால் வாரத்துக்கு அரை இஞ்ச் ஏற்றுங்கள். சீட் கம்பி நாலு விரல் அகலமாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பி வளையும். கம்பியில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

3. சர்வீஸ்

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் கடையில் விட்டு ஓவராயில், அதாவது முழு சர்வீஸ், செய்யுங்கள். முந்தின நாள் வேண்டாம். புதிதாக முடுக்கியது எல்லாம் கொஞ்சம் ஓடித்தான் அமரும். பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின், இரண்டு டயர். டயரில் வெடிப்பு தெரிந்தால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். அதிகாலையில் கிளம்பப் போகிறோம், லாரிக்காரர் கண்ணில் பட வேண்டும்.

4. ஆறு வாரப் பழக்கம்

வாரத்தில் மூன்று நாள் 10 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் 15, 20, 25, 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஆறாவது வாரம் சனி 30, ஞாயிறு 30. இந்தக் கடைசி வாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் வலிக்கிற இடுப்போடு மறுபடி சீட்டில் உட்காருகிறோம் பாருங்கள், அங்கேதான் சோதனை.

5. பங்க்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

நாலு பேரில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை செய்து பார்த்தால் போதும்.

காற்று இறங்கினால் உடனே டயரைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் காற்று அடித்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வையுங்கள். குமிழி வந்தால் பங்க்சரே இல்லை. உள்ளே இருக்கும் வால் டியூப் நைந்துவிட்டது. சின்ன ரப்பர் குழாய்தான். சைக்கிள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கபிஸ்தலத்துக்கு முன்னால் எங்களுக்கு நடந்தது இதுதான். இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பினோம். "பங்க்சரா பாப்பா, தள்ளிக்கிட்டு வாங்க, கடை இருக்கு" என்று வந்த பெரியவர், நாங்கள் பம்பைச் சுருட்டி வைப்பதைப் பார்த்துவிட்டு, தன் சைக்கிளுக்கும் அடித்துத் தரச் சொன்னார்.

குமிழி வரவில்லை என்றால் பங்க்சர்தான். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மிச்சக் காற்றை இறக்கி, டயர் லீவரை விட்டு, டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுங்கள். லீவர் இல்லாவிட்டால் எவர்சில்வர் கரண்டிக் காம்பு போதும், ஆனால் டியூபைக் கிள்ளிவிடாமல் பார்த்துச் செய்யுங்கள். டியூபை வெளியே இழுத்துக் காற்று அடித்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குங்கள். குமிழி வருகிற இடத்தில் அடையாளம் வைத்து, ஈரம் துடைத்து, உப்புக்காகிதத்தால் சொரசொரப்பாகத் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டுப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயட்டும், ஐந்து நிமிஷம் ஊர்க்கதை பேசுங்கள். அப்புறம் ஒட்டு வைத்து அழுத்துங்கள்.

டியூபைத் திரும்ப உள்ளே போடுவதற்கு முன், டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான்.

6. உடுப்பும் மூட்டையும்

முதுகில் பை மாட்டாதீர்கள். வேர்வையும் தோள்வலியும்தான் மிச்சம். எல்லாவற்றையும் கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிக் கட்டுங்கள். எந்தக் கயிறும் அவ்வளவு பிடிக்காது. ஆளுக்கு இரண்டு செட் உடை போதும், ராத்திரி துவைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.

துப்பட்டா வேண்டாம். சக்கரத்தில் சுற்றினால் கழுத்தோடு இழுக்கும், இது விளையாட்டு இல்லை. பேன்ட்டின் வலது கால் செயினில் மாட்டாமல் ஒரு ரப்பர் பேண்ட். ஹெல்மெட் இரவல் வாங்கியாவது போடுங்கள். உள்ளாடை பருத்தியில், தொடை மடிப்பில் தையல் உரசாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உரசும் இடங்களில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். நாள் தள்ளியோ முந்தியோ மாதவிடாய் வரலாம், தேதி எப்படி இருந்தாலும் நாலு பேர் பையிலும் நாப்கின் இருக்கட்டும். எங்களில் ஒருத்திக்குக் கும்பகோணத்தில் வந்தது. அன்று அரை நாள் தங்கிவிட்டோம். யாரும் அதை நஷ்டமாக நினைக்கவில்லை, காபி இரண்டு ரவுண்டு ஓடியது.

7. ரோட்டில்

விடிகிற நேரத்தில் கிளம்பி, பதினோரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தில் பெரும்பகுதியை முடியுங்கள். மிச்சம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். இந்த சைக்கிள்களில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

மெதுவாகப் போகிறவள்தான் முன்னால் போக வேண்டும். வேகமானவள் முன்னால் போனால் கடைசி ஆள் நாள் முழுக்க மூச்சிரைக்கத் துரத்துவாள், சாயங்காலம் யாரோடும் பேச மாட்டாள். பங்க்சர் தெரிந்தவள் கடைசியில். ஒற்றை வரிசை, நடுவில் இரண்டு சைக்கிள் நீள இடைவெளி. பின்னால் பஸ் வந்தால் கடைசி ஆள் "பஸ்!" என்று கத்த வேண்டும். பள்ளம் வந்தால் முதல் ஆள்.

தை மாதம் போனால் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும். நான் ஆடுதுறைக்குப் பக்கத்தில் விழுந்தேன். முழங்கை சிராய்த்ததைவிட, நெல்லைக் கலைத்துவிட்டேனே என்று அந்த அம்மாவிடம் வாங்கிய திட்டுதான் அதிகம். பிறகு அவரேதான் மஞ்சள் கொண்டுவந்தார்.

8. தண்ணீரும் பாத்ரூமும்

பாத்ரூம் தேட வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும், நீர்க்கடுப்பும் வரும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் இருக்கட்டும்.

பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்கும், எதிரே ஒன்றைப் பார்த்தால் தேவை இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். பங்க் இல்லாத இடங்களில் நாங்கள் செய்தது, வாசலில் பெண்கள் இருக்கிற வீடாகப் பார்த்து, "அக்கா, பாத்ரூம் போகணும், கொஞ்சம் உள்ள வரலாமா?" என்று கேட்பது. நாலு நாளில் ஒரு வீட்டில்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

9. தங்குவது, காசு

இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும், இதில் மட்டும் பேரமே கிடையாது. சொந்தக்காரர் வீடு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுப் போங்கள். கோயில் ஊர்களில் தேவஸ்தான விடுதிகள் மலிவு, முகூர்த்த நாளில் மட்டும் கிடைக்காது. எங்கே என்றாலும் முந்தின நாளே போன் செய்து, நாலு பெண்கள், நாலு சைக்கிள், சைக்கிளை உள்ளே நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டை அசல் எல்லாரும் எடுத்துப் போங்கள்.

எங்களுக்கு ஆளுக்குச் சாப்பாடு, டீ நாலு நாளைக்கு 1,200. ஒரு ராத்திரி அத்தை வீடு. மற்ற இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து அறைக்குத் தலைக்கு 600. சைக்கிள் ஓவராயிலுக்கு 450, திரும்பி வர 400. பணத்தை ஒருத்தியிடம் பொதுப்பையாகக் கொடுத்து, பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டாக மாற்றி வையுங்கள். யார் எவ்வளவு டீ குடித்தாள் என்ற கணக்கு வந்தால் நட்பு கெடும்.

வீட்டில் அனுமதி வாங்குவது பற்றிக் கேட்பீர்கள். தினமும் காலை கிளம்பும்போதும் போய்ச் சேர்ந்ததும் லொகேஷன் அனுப்புவதாகச் சொன்னோம், அனுப்பினோம். ரோட்டில் யாராவது பைக்கில் கூடவே வந்து தொல்லை கொடுத்தால் பதில் பேசாதீர்கள். அடுத்த டீக்கடையில் நாலு பேரும் இறங்கி, வண்டி எண்ணைப் போனில் எடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

10. திரும்பி வருவது

மயிலாடுதுறை வரை சைக்கிளில் வந்து, அங்கிருந்து ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் போடலாம். பார்சல் ஆபீஸுக்கு முன்கூட்டியே போய்விடுங்கள், பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையை ஹேண்டில்பாரில் கட்டுங்கள். நாங்கள் பூம்புகாரிலிருந்து திருச்சிக்குக் காலியாகத் திரும்புகிற ஒரு குட்டியானையை (சின்ன சரக்கு வண்டி) பிடித்தோம். சைக்கிள்கள் மட்டும் அதில், நாங்கள் பஸ்ஸில். ஏற்றும்போது ஒன்றை முன்பக்கம் பார்த்து, அடுத்ததைப் பின்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். நடுவில் பழைய சாக்கு வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் பெடல் இன்னொன்றின் ஸ்போக்ஸில் நுழைந்துவிடும்.