ப்ளூஸ் மவுத் ஆர்கன் கத்துக்கணுமா? மிலான்காரர் ஃபாபியோ ட்ரேவெஸ்ஸை துணைக்கு வச்சுக்கோங்க

ப்ளூஸ்ங்கிறது அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்டேருந்து வந்த இசை, அதை ஹார்மோனிகால, அதாவது மவுத் ஆர்கன்ல, வாசிக்கக் கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க எடுத்ததும் லிட்டில் வால்டர், ஸன்னி டெர்ரின்னு பெரிய ஆளுங்களைத்தான் கேக்க ஆரம்பிப்பாங்க. கேக்கணும்தான், ஆனா கொஞ்ச நாள்லயே இதெல்லாம் அமெரிக்கால பொறந்தவங்களுக்குத்தான் வரும்போலன்னு ஒரு சோர்வு வந்துடும், எனக்கும் வந்துச்சு. அப்போ கை கொடுத்தது ஃபாபியோ ட்ரேவெஸ்ங்கிற இத்தாலி ஹார்மோனிகாக்காரர். 1949-ல மிலான்ல பொறந்தவர். அங்க லம்ப்ராத்தேன்னு ஒரு ஏரியா, லாம்பிரெட்டா ஸ்கூட்டருக்கு பேர் வந்ததே அந்த எடத்துலேருந்துதான், இத்தாலில இவரை 'லம்ப்ராத்தே பூமா'ன்னுதான் கூப்பிடுவாங்க. ப்ளூஸ்னா என்னன்னே அங்க பாதிப் பேருக்குத் தெரியாத காலத்துல, 1974-ல, ட்ரேவெஸ் ப்ளூஸ் பேண்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு அதையே வாழ்க்கை பூரா நடத்திக்கிட்டு வர்றார். இவருக்கு வந்தது நமக்கு ஏன் வராதுன்னு ஒரு தெம்பு கிடைச்சுது பாருங்க, அதுலதான் நான் திரும்ப கையில எடுத்தேன்.

சரி, முதல்ல வாத்தியம். கடைல போய் மவுத் ஆர்கன் குடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் நீளமா ரெண்டு வரிசை ஓட்டை இருக்கிறதை எடுத்துக் குடுப்பாங்க, அது ட்ரெமோலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் ரெண்டு ரீட், அதாவது காத்துல அதிர்ற சின்னத் தகடு, லேசா சுருதி மாறி வச்சிருப்பாங்க, அதனால ஒரு நடுக்கம் கேக்கும், சினிமா பாட்டுக்கு ரொம்ப அழகா இருக்கும். ஆனா ப்ளூஸுக்கு உயிரே சுரத்தை வளைக்கிறதுதான், அது ட்ரெமோலோல சரியா வராது. நான் அது தெரியாம ஆறு மாசம் வீணாக்கினேன். நீங்க கேக்க வேண்டியது 10 ஓட்டை டயட்டானிக்ங்கிற சின்ன வகை, சி கீ, அதாவது சி சுருதில இருக்கிறது. ஓட்டைக்கு ஒரு ஊதுற ரீட், மூச்சை உள்ள இழுக்குற ரீட் ஒண்ணு, மொத்தம் 20.

அடுத்தது ஒரே ஓட்டைல சுத்தமா ஒரு சத்தம் வரவைக்கணும். உதட்டைக் குவிச்சு விசிலடிக்கிற மாதிரி வச்சுக்கோங்க, வாத்தியத்தை நுனில பிடிக்காம வாய்க்குள்ள கொஞ்சம் நல்லாவே விடுங்க. வயித்துலேருந்து மூச்சு விடணும், கன்னத்துலேருந்து இல்ல. இங்க எல்லாரும் மாட்டிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது ஓட்டைல இழுத்தா சத்தமே வராது, இல்லன்னா அமுங்கின மாதிரி வரும், உடனே வாத்தியம் கெட்டுப்போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க. நீங்க ரொம்ப பலமா இழுக்குறீங்க, வாய்க்குள்ள எடம் சின்னதாயிடுச்சு, அவ்ளோதான். தாடையை இறக்கி கொட்டாவி விடுற மாதிரி தொண்டையைத் திறந்து மெதுவா இழுங்க, வரும். அந்த ஒரு சுரத்துக்காகவே ஒரு வாரம் செலவு பண்ணலாம், தப்பே இல்ல, ஏன்னா அதுதான் இனிமே உங்க வீடு.

எப்படின்னா, ப்ளூஸ்ல பெரும்பாலும் சி ஹார்ப்பை (ஹார்மோனிகாவைச் சுருக்கமா ஹார்ப்னு சொல்வாங்க) வச்சு சி-ல வாசிக்க மாட்டாங்க, ஜி-ல வாசிப்பாங்க. இதுக்கு க்ராஸ் ஹார்ப்னு பேரு. ரெண்டாவது ஓட்டை இழுத்தா ஜி, அதுதான் ஸா மாதிரி, அங்கேருந்து கிளம்பி அங்கேயே வந்து சேரணும். இப்படி வாசிக்கும்போது முக்கியமான சுரமெல்லாம் இழுக்குற பக்கம் வந்துடுது, இழுக்குற சுரத்தைத்தான் கீழ்ப்பாதில வளைக்க முடியும், அதனாலதான் அந்த அழுகுரல் கிடைக்குது. கிதார்காரர் எந்த கீ சொல்றாரோ அதையே ஒண்ணுன்னு வச்சு நாலு எழுத்து எண்ணுங்க, ஜி, ஏ, பி, சி. அப்போ சி ஹார்ப். அவர் ஈ-ன்னா நீங்க ஏ ஹார்ப், அவர் ஏ-ன்னா நீங்க டி.

வளைக்கிறதை, அதாவது பெண்ட், நாலாவது ஓட்டைல ஆரம்பிங்க. இழுத்துக்கிட்டே வாய்க்குள்ள 'ஈ'ன்னு சொல்ற நாக்கை மெதுவா 'ஊ'வுக்குக் கொண்டு போங்க, சத்தம் அரை சுரம் இறங்கும். உதட்டை அசைக்காதீங்க, எல்லா வேலையும் உள்ள நாக்குலதான். மூணாவது ஓட்டை கஷ்டம், அதுல மூணு படி இறங்கலாம், ஒவ்வொரு படிலயும் நிக்க வைக்க மாசக்கணக்கா ஆகும். அஞ்சாவதை நோண்டாதீங்க, அதுல பெருசா வளைய எடமில்ல.

இதெல்லாம் ஓரளவுக்கு வந்ததும் ட்ரேவெஸ்ஸைத் திரும்பக் கேளுங்க. அவரே பாடுவார், அவரே வாசிப்பார். பாடுற வாயும் வாசிக்கிற வாயும் ஒண்ணுதானே, அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது, ஒரு வரி பாடி முடிச்சு மீதி இருக்கிற இடைவெளிலதான் ஹார்ப் பதில் சொல்லணும். நீங்களும் இதையே பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வரியை ரெண்டு பார் (ஒரு பார்னா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நாலு தட்டு) பாடுங்க, அடுத்த ரெண்டு பார்ல அதுக்கு வாத்தியத்துல பதில் சொல்லுங்க, ப்ளூஸ் பாட்டோட வழக்கமான ஒரு சுத்தான 12 பார் முடியுற வரைக்கும் மூணு வரி, மூணு பதில். குரல் மோசமா இருந்தாலும் பரவாயில்ல, பாடுங்க. வேற ஒருத்தர் பாடும்போது அவர் மேல ஏறி வாசிக்காத பழக்கம் இதுலதான் வரும், ஹார்ப் வாசிக்கிறவங்களை யாரும் மேடைல சேத்துக்காம போறதுக்கு முக்கால்வாசி காரணமே அந்தப் பழக்கம் இல்லாததுதான்.

ட்ரேவெஸ்ஸை சேத்துக்கிட்டவங்க யாருன்னு பாருங்க. 1988-ல இத்தாலி வந்த அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸாப்பா இவரை மேடைக்குக் கூப்பிட்டார், ஸாப்பா இசை எவ்ளோ சிக்கலானதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அதோட மதிப்பு புரியும். 2016 ஜூலைல ரோம்ல சிர்க்கோ மாசிமோ மைதானத்துல அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு முன்னாடி இவர் பேண்ட் வாசிச்சுது, அப்போ பேண்டுக்கு 42 வயசு.

இன்னொருத்தரையும் சேத்துக் கேளுங்க, மிலானுக்குத் தெக்கால வோகேரான்னு ஊர், அங்கத்துக்காரர் ஃபப்ரிஸியோ பொஜ்ஜி, இவரும் ஹார்ப் வாசிக்கிறவர். அமெரிக்கப் பாடகர் கை டேவிஸோட சேந்து ஸன்னி டெர்ரிக்கும் அவர் கூட்டாளி கிதார்காரர் பிரௌனி மெக்கீக்கும் அஞ்சலியா இவர் பண்ணின ஆல்பம் 2018 கிராமி விருதுக்குப் பரிந்துரை ஆச்சு. ஒரு கிதார், ஒரு ஹார்ப்தான் பெரும்பாலும், அதனால மூச்சு எங்க எடுக்குறார்னு கூட காதுல விழும். ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பாக்கல.

ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும், அதுக்கு மேல உதடு புண்ணாகும். சாப்பிட்ட உடனே வாசிக்காதீங்க, வாயைக் கொப்பளிச்சுட்டு எடுங்க, முடிஞ்சதும் ஓட்டைப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி உள்ளங்கைல நாலு தட்டு தட்டி எச்சிலை வெளியேத்திட்டு கொஞ்சம் காய விட்டு அப்புறம் பெட்டில வைங்க.