ஒன்ராறியோவில் முதல் வீடு: வரி பில் வருமுன் தெரிந்திருக்க வேண்டியவை

இங்கே வீடு வாங்குகிற நம்மவர்கள் மோட்கேஜ் என்கிற வீட்டுக் கடன் கணக்கைச் சதம் பிசகாமல் போடுகிறார்கள். வீட்டு வரிக்கு மட்டும், விற்பவர் காட்டிய பழைய பில்லை நம்பிவிடுகிறார்கள். புதிதாகக் கட்டிய வீடென்றால் அந்தப் பில்லும் இருக்காது. முதல் இரண்டு ஆண்டுகளில் பல குடும்பங்கள் கடன் அட்டையைத் தேய்க்க நேர்வது இதனால்தான்.

வீட்டுக்கு மதிப்புப் போடுவது மாநகரசபை அல்ல, எம்பாக் என்கிற தனி நிறுவனம். அதன் கணக்கில் உங்கள் வீட்டின் மதிப்பு, 2016 ஜனவரி 1 அன்று அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே. கோவிட் காலத்தில் மறுமதிப்பீடு தள்ளிவைக்கப்பட்டதால் 2025ஆம் ஆண்டு வரிக்கும் அதே அடிப்படைதான். அதனால், பத்து லட்சம் டொலருக்கு வாங்கிய வீட்டுக்கு ஆறு லட்சம் என்று நோட்டீஸ் வந்தால் குழம்ப வேண்டாம்.

அந்த மதிப்பின் மேல் எத்தனை வீதம் அறவிடுவது என்பதை நகரசபை ஒவ்வோர் ஆண்டும் தன் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து முடிவு செய்கிறது. கல்விக்கான 0.153 வீதத்தை மாகாண அரசு நிர்ணயிக்கிறது. 2025இல் ரொறன்ரோவில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 0.75 வீதம். ஆறு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட 4,500 டொலர். ஏஜாக்ஸ், ஒஷாவா பக்கம் வீதம் இதைவிடக் கூட. அங்கே வீடு மலிவு என்று போகிறவர்கள் இதையும் மாதச் செலவில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டின் மதிப்பு அசையாமல் இருந்தபோதே ரொறன்ரோவில் வரி 2024இல் 9.5 வீதமும் 2025இல் 6.9 வீதமும் ஏறியது. ஆகவே நகரசபையின் வரவு செலவுத் திட்ட நாட்களில் செய்தியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பில் ஆண்டுக்கு இரண்டு தடவை வரும். தொடக்கத்தில் வருவது இடைக்கால பில், போன ஆண்டு வரியில் ஏறக்குறைய பாதி. கோடையை ஒட்டி இறுதி பில். தவணை தவறினால் ரொறன்ரோவில் மாதம் 1.25 வீதம் ஏறும். பில் கைக்கு வரவில்லை என்பது காரணமாக எடுபடாது. குளோசிங், அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள், முடிந்ததும், பெயர் மாற்றம் நகரசபைக்குப் போய்விட்டதா என்று லோயரிடம் கேட்டுவிடுங்கள். சில வங்கிகள் மோட்கேஜோடு வரியையும் அறவிட்டுத் தாமே கட்டும். உங்களுடையது அப்படியா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடே சம்பளக்காரருக்குச் சுகம்.

புது வீட்டுக்காரர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குடிபோன புதிதில் வரும் பில் பெரும்பாலும் வெறும் காணிக்கு மட்டும்தான். தொகை சின்னதாக இருப்பதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எம்பாக் கட்டடத்தை மதிப்பிட்டு முடித்ததும், குடிபோன நாளிலிருந்து கணக்குப் போட்டு மேலதிக பில் வரும். நடப்பு ஆண்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். குளோசிங் நாளிலிருந்தே முழு வரியை உத்தேசமாகக் கணக்கிட்டு, மாதாமாதம் வேறொரு கணக்கில் போட்டுவையுங்கள். அனுமதி எடுத்து பேஸ்மென்டைக் கட்டி வாடகைக்கு விட்டாலும் மதிப்பு கூடலாம், மேலதிக பில்லும் வரலாம்.

மதிப்பு பிழையென்று பட்டால் எம்பாக்கிடம் மறுபரிசீலனை கேட்கலாம். கட்டணம் இல்லை. வழக்கமான ஆண்டில் கடைசி நாள் மார்ச் 31. மேலதிக நோட்டீஸ் என்றால் அதிலேயே கடைசி நாள் இருக்கும். முதலில் எம்பாக்கின் இணையத்தளத்தில் உங்கள் வீட்டின் சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, பேஸ்மென்ட் விபரம் எல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதே தெருவில் உங்களுடையதைப் போன்ற வீடுகளின் மதிப்போடு ஒப்பிடுங்கள். வரி கூடிவிட்டது என்று மட்டும் எழுதினால் பலனில்லை.

ரொறன்ரோவில் இன்னொன்று உண்டு. வீடு காலியாக இருக்கிறதா இல்லையா என்று உரிமையாளர் எல்லோரும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், அதே வீட்டில் வசிப்பவர்கள்கூட. அறிவிக்காவிட்டால் காலி வீடென்றே எடுத்துக்கொண்டு மதிப்பில் 3 வீதம் வரி போடுவார்கள். ஆறு லட்சத்துக்கு அது 18,000 டொலர். ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிடும் அம்மா அப்பாவின் பெயரில் வீடு இருந்தால், பிள்ளைகள் நீங்கள்தான் பொறுப்பெடுத்துச் செய்துகொடுக்க வேண்டும். இணையத்தில் சில நிமிட வேலைதான்.

அவர்களுக்கு வருமானம் குறைவென்றால், ஆண்டு வருமான வரிப் பத்திரத்தோடு ஒன்ராறியோவின் எரிசக்தி, சொத்து வரிச் சலுகைக்கும் விண்ணப்பியுங்கள். முதியவர்களுக்கு 500 டொலர் வரை தனியான மானியமும் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களும் எரிசக்தி, சொத்து வரிச் சலுகையைக் கேட்கலாம்.