நண்பர்களைப் பற்றிக் கதை எழுதும்போது அந்தப் பெண்ணின் பெயரை மறக்காமல் இருப்பது எப்படி

சிங்கப்பூரில் இருக்கிறேன். பகலில் துவாஸ் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. இரவில் பிள்ளைகள் தூங்கியபின் குறும்படக் கதை எழுதுவேன். மூன்று நண்பர்கள், ஒருவன் வீட்டில் பிரச்சினை என்று ஒரு கதையில் ஏழு மாதம் மாட்டிக்கொண்டேன். அதே மாதிரி எழுத நினைப்பவர்களுக்கு என் ஏழு மாதத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்தித் தரலாம்.

முதல் வரைவு 14 பக்கம். தேக்கோங் தீவின் ராணுவப் பயிற்சி முகாமில் ஒரே செக்‌ஷனில் கிடந்த மூவர், ஈசூன் காப்பிக் கடையில் பீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனின் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற இருவரும் "விடு மச்சான்" என்கிறார்கள். எனக்குப் பிரமாதமாகத் தோன்றியது. என் மனைவி படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்னங்க?" என்றாள். 14 பக்கத்திலும் அவள் வெறும் "அவ".

ஆகவே நண்பர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, முதலில் அந்தப் பெண்ணின் ஒரு நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள். படத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை. நான் மாலதி என்று பெயர் வைத்தேன். பாலர் பள்ளி ஆசிரியை. கடைசிப் பிள்ளையின் பெற்றோர் வரும்வரை மாலை ஏழு மணிக்கும் பள்ளி வாசலில் நிற்கிறாள். வீட்டுக்கு வந்தால் கணவன் இல்லை. வாரத்தில் நான்கு இரவு அவன் அந்தக் காப்பிக் கடையில்தான். இதை எழுதியதும் நண்பர்களின் பேச்சு தானாக மாறியது. "அவ என்னைப் புரிஞ்சிக்கவே மாட்டேங்குறா" என்று அவன் சொல்லும்போது, பதில் சொல்லாமல் போனை நோண்டுகிற ஒருவன் கிடைத்தான். தப்பு யார் பக்கம் என்று தெரியும். சொன்னால் நட்பு போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறவன். கதையின் நாயகன் அவன்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது இடம். நான்கறை வீட்டில் யாரும் சினிமா போலக் கத்துவதில்லை. பக்கத்து அறையில் அம்மா, ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் அண்டை வீட்டுக்காரர். நம் ஊரில் சண்டை வாட்ஸ்அப்பில் நடக்கும், இல்லாவிட்டால் பலமாடிக் கார்பார்க்கில், இஞ்சினை அணைக்காத காருக்குள். ஒருவர் "மேலே போய்ப் பேசலாம்" என்பார், மற்றவர் இறங்க மாட்டார். அந்த ஒரு நிமிடம் போதும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில், மூவரும் பீர் குடிப்பதாக எழுதியிருந்தேன். நடிக்க வந்தவர் சிரித்துவிட்டார். 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30இலிருந்து காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் வாரக் கடைசியில் கெடுபிடி இன்னும் அதிகம். அப்புறம், கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் "நாளைக்கே டைவர்ஸ்" என்று ஒரு வசனம். மூன்று ஆண்டு ஆகாமல், நீதிமன்றத்தின் தனி அனுமதி இல்லாமல், இங்கே மனுப் போடவே முடியாது. வசனத்தை வெட்டினேன். பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் இருவர் ஒரே கூரையின்கீழ் இருப்பது அதைவிட நல்ல காட்சியாக வந்தது.

இனி முக்கியமான விஷயம். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனதைத் திறப்பதாக எழுதாதீர்கள், பொய்யாகத் தெரியும். கையில் ஏதாவது வேலை கொடுங்கள். மாலதியின் கணவன் வீட்டை விட்டுத் தன் அம்மா வீட்டுக்குத் திரும்புகிறான், மற்ற இருவரும் சாமான் தூக்க வருகிறார்கள் என்று மாற்றினேன். சாமானில் ஒரு மீன்தொட்டி. இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மின்தூக்கிக்குள் நுழைகிறார்கள், தண்ணீர் ததும்பி ஒருவன் சட்டையில் வழிகிறது. "என்னடா ஆச்சு உங்களுக்குள்ள?" என்று யாரும் கேட்பதில்லை. "மீனு தாங்குமாடா?" என்றுதான் கேட்கிறார்கள். 14 பக்கத்தில் வராதது இந்த ஒரு வரியில் வந்துவிட்டது. கதவு மூடப்போகும்போது மாலதி ஓடி வந்து மீன் தீனி டப்பாவை நீட்டுகிறாள். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்." அவ்வளவுதான் அவளுக்கு வசனம்.

(எடுக்கும்போது தொட்டியை நிரப்பிவிடாதீர்கள். 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியில் 54 லிட்டர் பிடிக்கும், தண்ணீர் மட்டுமே 54 கிலோ. கால் பங்கு ஊற்றிவிட்டு கேமராவைக் கீழிருந்து வையுங்கள். வாய்ட் டெக்குக்கும் மின்தூக்கிக்கும் நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.)

கடைசியாக, நிஜ மனிதர்களின் கதை என்றால் படம் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மீன்தொட்டி என் நண்பனுடையது. அவனிடம் கேட்டேன், தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றான். அவன் முன்னாள் மனைவியிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் என் மனைவிதான் சொன்னாள். தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். முழுக் கதையையும் கேட்டார். கதையில் தன் வேலையை நான் மாற்றி எழுதியது நல்லது என்றார். தீனி டப்பாவைக் கொடுக்கத் தான் ஓடி வரவில்லை, இரண்டு நாள் கழித்துத் தபாலில் அனுப்பியதாகச் சொன்னார். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படத்தில் மீன் சாகக் கூடாது.